ஒரு மீதைல் உட்கார்ந்த இடம்

டியூக்ராவாசிட்டினிப் என்ற மருந்தின் மூலக்கூறில் மூன்று மீதைல் குழுக்கள் இருக்கின்றன. ஒன்று மீதாக்ஸியில், ஒன்று ட்ரையசோல் வளையத்தில், மூன்றாவது அமைடின் நுனியில். அந்த மூன்றாவதில் மட்டும் சாதாரண ஹைட்ரஜனை எடுத்துவிட்டு டியூட்டீரியத்தை வைத்திருக்கிறார்கள். மற்ற இரண்டையும் தொடவில்லை. இதன் வரைபடத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் அந்த ஓரத்தில்தான் போய் நிற்கும். ஏன் அங்கே, ஏன் அது மட்டும் என்று கேட்டுக்கொண்டே போனால், நாட்பட்ட அழற்சிக்கு மருந்து செய்வதில் உள்ள கஷ்டமும் அழகும் ஒருசேரத் தெரிய வரும்.

மருந்து சோரியாசிஸுக்கானது. தோலில் சிவந்த தடிப்பு, அதன்மேல் வெள்ளைச் செதில், ஓயாத அரிப்பு. தொற்றிக்கொள்ளுமோ என்று பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்காரும் வேதனை வேறு. தொற்றாது. நோயெதிர்ப்பு செல்கள் ஒன்றையொன்று உசுப்பிவிட்டு, நிறுத்தத் தெரியாமல் போவதால் வரும் நோய் இது. அந்த உசுப்பலில் முக்கியப் பங்கு இன்டர்லூகின்-23 என்ற புரதத்துக்கு. செல்லின் வெளிப்புறம் உள்ள ஏற்பியில் அது வந்து ஒட்டியதும், உள்பக்கம் காத்திருக்கும் டைக்-2 என்ற நொதி விழித்துக்கொண்டு செய்தியை உட்கரு வரை அனுப்பிவைக்கிறது. இன்டர்லூகின்-12, முதல் வகை இன்டர்ஃபெரான் ஆகியவற்றின் செய்திகளும் இதே நொதி வழியாகத்தான் போகின்றன.

அப்படியென்றால் டைக்-2-ஐ அடக்கினால் போதுமே? அங்கேதான் சிக்கல். அது ஜாக் குடும்பத்தைச் சேர்ந்த கைனேஸ்; அதாவது ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து மற்ற புரதங்களில் ஒட்டும் நொதி. ஜாக்-1, ஜாக்-2, ஜாக்-3 என்று மூன்று உடன்பிறப்புகள் அதற்கு உண்டு. ஜாக்-2 இல்லாமல் எரித்ரோபாய்ட்டினின் கட்டளை எலும்பு மஜ்ஜையில் நிறைவேறாது, சிவப்பணு உருவாகாது. ஆனால் நான்கு நொதிகளும் ஏடிபியைப் பிடித்துக்கொள்ளும் பள்ளம் கிட்டத்தட்ட ஒரே அச்சு. 2012-இல் முடக்குவாதத்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டோஃபாசிட்டினிப் அந்தப் பள்ளத்தில்தான் போய் அமர்கிறது. எத்தனையோ பேரின் மூட்டுகளுக்கு அது நிம்மதி தந்திருக்கிறது. ஆனாலும் ஒன்றுக்கு மேற்பட்ட ஜாக்குகளைச் சேர்த்து அடக்குவதற்கு விலை உண்டு. மாரடைப்பு, புற்றுநோய், ரத்தக்கட்டு ஆகிய அபாயங்களைப் பற்றி அந்த வகை மருந்துகளுக்கு 2021-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கடுமையான எச்சரிக்கையை விதித்தது.

ஜாக் நொதி ஒவ்வொன்றிலும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு பகுதிகள் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. வேலை செய்வது ஜேஎச்1. அதன் பக்கத்தில் இருக்கும் ஜேஎச்2 தோற்றத்தில் கைனேஸ். டைக்-2-இல் அது கைனேஸுக்குரிய வேலை எதையும் செய்வதில்லை. போலிக் கைனேஸ் என்றே அதற்குப் பெயர். ஆனால் அது சும்மா இருப்பதில்லை. ஜேஎச்1-ஐ இழுத்துப் பிடித்திருக்கும் கடிவாளம் அதுதான். இதற்குச் சாட்சி 2005-இல் கிடைத்தது. ஜாக்-2-இன் போலிப் பகுதியில் 617-ஆம் இடத்தில் வாலின் போய் ஃபினைல்அலனின் வந்துவிட்டால் பிடி தளர்ந்துவிடுகிறது. கட்டளையே வராமல் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. பாலிசைத்தீமியா வெரா என்ற ரத்த நோயில் பெரும்பாலோரிடம் காணப்படுவது இந்த ஓரெழுத்து மாற்றம்தான்.

பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்க்விப் நிறுவனத்து ஆய்வாளர்கள் செல்லுக்குள் இன்டர்லூகின்-23-இன் செய்தியை நிறுத்தும் மூலக்கூறுகளைச் சலித்துத் தேடினார்கள். சில அகப்பட்டன. செய்தியை அவை நிறுத்தின. ஆனால் வேலை செய்யும் ஜேஎச்1-ஐத் தொடவில்லை. எனக்கு மிகப் பிடித்த கட்டம் இது. எதிர்பார்த்த இடத்தில் ஒட்டாத ஒன்றைச் சோதனைப் பிழை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். அவர்கள் ஒதுக்கவில்லை. வேறு எங்கே ஒட்டுகிறது என்று தேடிப் போய் ஜேஎச்2-இல் கண்டுபிடித்தார்கள். மூலக்கூறு அங்கே ஒட்டியதும் கடிவாளம் இன்னும் இறுகுகிறது. ஜேஎச்1 விழித்துக்கொள்ள முடிவதில்லை. வேலை செய்யாத பகுதியைப் பிடித்து, வேலை செய்யும் பகுதியை அடக்கும் மருந்து இப்படித்தான் பிறந்தது.

இனி அந்த மீதைல். ஜேஎச்2-இல் உள்ள பள்ளத்தின் ஓரத்தில், 671-ஆம் இடத்தில், அலனின் இருக்கிறது. அமினோ அமிலங்களில் கிளைசினுக்கு அடுத்தபடியாகச் சிறியது அலனின். மற்ற கைனேஸ்களில் பெரும்பாலும் அந்த இடத்தில் பருமனான ஒன்று நிற்கும். இங்கே சிறியது நிற்பதால் பக்கத்தில் கொஞ்சம் இடம் மிச்சம். அமைடு நுனியின் மீதைல் அந்த மிச்ச இடத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது. வேறு கைனேஸுக்குள் போனால் இடிக்கிறது. நம் உடலில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கைனேஸ்கள் இருக்கின்றன. அத்தனைக்கும் நடுவில் தனக்குரியதை இந்த மருந்து அடையாளம் காண, ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜன்களும் இவ்வளவு உதவுகின்றன.

ஆனால் கல்லீரல் இதையெல்லாம் பார்ப்பதில்லை. நைட்ரஜனில் ஒட்டிய மீதைலைக் கழற்றிவிடுவது அதற்குப் பழகிப்போன வேலை. இந்த மீதைல் கழன்றால் மிஞ்சும் மூலக்கூறு டைக்-2-ஐ மறப்பதில்லை. ஆனால் அதன் தெரிவுத்திறன் மங்கிப்போகிறது. மீதைலையும் விட முடியாது, கல்லீரலையும் மாற்ற முடியாது. அங்கேதான் டியூட்டீரியம் வருகிறது. 1931-இல் ஹரால்டு யூரி கண்டறிந்தது. கல்பாக்கம் அணு உலைகளில் கனநீராகச் சுற்றிவரும் அதே ஐசோடோப்பு. ஹைட்ரஜனைவிட ஒரு நியூட்ரான் கூடுதல், எடை ஏறத்தாழ இரு மடங்கு. பருமன் மாறுவதில்லை என்றே சொல்லலாம். ஆகவே அலனின் அருகில் இருந்த இடம் இதற்கும் சரியாகவே இருக்கிறது. கார்பனோடு அது போடும் பிணைப்பை அறுக்க மட்டும் கூடுதல் ஆற்றல் வேண்டும். புரதத்துக்கு வித்தியாசம் தெரியாது, கல்லீரல் நொதிக்குத் தெரியும். இதைவிட நுட்பமான ஒரு திருத்தத்தை மருந்து வேதியியலில் நான் அறியேன். கழற்றுவது முழுக்க நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உடலில் அந்த மீதைல் இழந்த வடிவம் ஓரளவு உருவாகத்தான் செய்கிறது. மற்ற இரண்டு மீதைல்களும் அந்த அலனின் இருக்கையில் இல்லை, அவற்றுக்கு டியூட்டீரியமும் இல்லை. 2017-இல் ஒப்புதல் பெற்ற டியூட்டெட்ராபெனசின் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த மருந்துக்கு டியூட்டீரியம் ஏற்றியது. இதுவோ பிறக்கும்போதே அதோடு பிறந்தது.

பள்ளத்தில் தங்கியிருந்த நீர் மூலக்கூறை வெளியே தள்ளிவிட்டு, அந்த இடத்தை மருந்தே எடுத்துக்கொள்ளும்படி வடிவத்தைச் செதுக்கியதும் இதே ஆய்வாளர்கள்தான். அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

2022 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. நாளொன்றுக்கு 6 மில்லிகிராம், ஒரே மாத்திரை. டோஃபாசிட்டினிப் வகைக்கு உள்ள கட்டமிட்ட எச்சரிக்கை இதற்கு இல்லை. முதல் பெரிய ஆய்வில், 16 வாரங்களில் நோயின் தீவிரம் முக்கால் பங்காவது குறைந்தவர்கள் 58.4 விழுக்காடு; சோரியாசிஸுக்கான இன்னொரு மாத்திரையான அப்ரெமிலாஸ்ட் எடுத்தவர்களில் 35.1, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 12.7. இன்டர்லூகின்-23-ஐ நேரடியாகப் பிடிக்கும் ஊசி மருந்துகள் தோலை இதைவிட நன்றாகவே துடைத்துவிடுகின்றன. இது மாத்திரை என்பது ஊசிக்கு அஞ்சுபவருக்குச் சின்ன விஷயம் அல்ல.

டைக்-2-ஐ அடக்கினால் உடல் தாங்குமா என்ற கேள்விக்கு இயற்கை முன்பே பாதி பதில் சொல்லிவைத்திருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே இந்த நொதியின் 1104-ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதில் அலனின் இருக்கும். தாய் தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்றவர்களுக்குத் தன்னெதிர்ப்பு நோய்கள் பல குறைவாகவே வருகின்றன. மற்றபடி பெரும்பாலும் நலமாக வாழ்கிறார்கள். ஒரு விலக்கு, காசநோய்: அவர்களுக்கு அந்த அபாயம் கூடுதல். இந்த மாத்திரையைத் தொடங்கும் முன் காசநோய் இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும் என்று மருந்தின் குறிப்பேடே சொல்கிறது. காசநோய் இன்னும் பரவலாக உள்ள நம் ஊரில் சோரியாசிஸுக்கு இதை எழுதித்தரும் மருத்துவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.