கதவில்லாத அணைகள்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டேட்டன் நகருக்கு வடமேற்கே ஸ்டில்வாட்டர் ஆற்றை மறித்து நிற்கிறது எங்கிள்வுட் மண் அணை. உயரம் 110 அடி, நீளம் ஏறக்குறைய 4,700 அடி. கரையின் உச்சியில் நெடுஞ்சாலை ஓடுகிறது. ஆனால் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் அணைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கியிருக்காது. அடியில் உள்ள கான்கிரீட் வாய்களின் வழியாக ஆறு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அந்த வாய்களுக்குக் கதவு கிடையாது. திறக்கவும் மூடவும் ஆளும் கிடையாது. கிரேட் மயாமி பள்ளத்தாக்கில் இப்படி ஐந்து அணைகள் இருக்கின்றன. பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் அல்ல, வெள்ளத்தை அடக்குவதற்கு மட்டுமே கட்டியவை. அவற்றில் எதைப் பின்பற்றலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று பார்ப்பது நமக்கும் பயன்படும்.

1913 மார்ச் இறுதியில், ஏற்கெனவே ஊறிப்போயிருந்த நிலத்தின்மேல் சில நாட்களில் 9 முதல் 11 அங்குலம் மழை கொட்டியது. டேட்டன் கடைவீதியில் 20 அடி வரை தண்ணீர் நின்றது. பள்ளத்தாக்கில் 360க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மறு ஆண்டே, வெள்ளத்தடுப்பு நிர்வாகங்களை அமைக்க வழிசெய்யும் தனிச் சட்டத்தை ஒஹாயோ சட்டமன்றம் இயற்றியது. ஆர்தர் மார்கன் என்ற பொறியாளரின் தலைமையில் 1918இல் தொடங்கிய வேலை 1922இல் முடிந்தது.

இந்த அணைகளின் சூட்சுமம் வாயின் அளவில் இருக்கிறது. கீழேயுள்ள ஊர்களின் ஆற்றுப்படுகை எவ்வளவு நீரைத் தாங்குமோ, அவ்வளவு மட்டுமே வெளியேறும்படி வாய்களை அமைத்தார்கள். அதற்கு மேல் வருவது தானாகவே பின்னால் தேங்கும். வெள்ளம் தணிந்ததும் தானாகவே வடியும். ஐந்துக்கும் சேர்த்துக் கொள்ளளவு சுமார் 36 டி.எம்.சி. வெளியேறும் நீரின் வேகம் மண்கரையின் அடியை அரித்துவிடக் கூடாதே? அதற்காக வாய்க்கு வெளியே படிகள் அமைத்து, நீரை அங்கேயே துள்ளிப் புரளவிட்டு அதன் மூர்க்கத்தைத் தணித்தார்கள்.

இதன் அருமை சென்னைக்காரர்களுக்கு உடனே புரியும். 2015 டிசம்பர் முதல் நாள் இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிடப்பட்டதைப் பற்றிய சச்சரவு இன்னும் ஓயவில்லை. எப்போது திறந்திருக்க வேண்டும், யார் உத்தரவிட்டிருக்க வேண்டும் என்பதே அந்தச் சச்சரவு. குடிநீருக்காக நிரப்பிவைக்க வேண்டிய ஏரியையே வெள்ளத்துக்காகக் காலியாகவும் வைத்திருக்கச் சொன்னால் எந்த அதிகாரியும் திண்டாடத்தான் செய்வார். மயாமி அணைகளில் அந்த இழுபறிக்கே இடமில்லை. ஒரே வேலை, அதையும் கோப்பு நகராமலே செய்கின்றன. இதுவரை 2,000 முறைக்கு மேல் அவை வெள்ளநீரைத் தேக்கி வடித்திருக்கின்றன.

கட்டிய முறைக்கு இதே பாராட்டைத் தர எனக்கு மனமில்லை. கெட்டிக்காரத்தனமான முறைதான். மண்ணைத் தோண்டி, நீரில் கரைத்து, ராட்சதக் குழாய்களில் இறைத்து, கரையின் இரு ஓரங்களிலும் கொட்டினார்கள். கனமான சரளையும் மணலும் ஓரத்திலேயே படிந்தன. பொடி வண்டலும் களியும் நடுவே தேங்கிய குளத்துக்கு ஓடி, மெல்லப் படிந்து, நீர் புகாத நெஞ்சாக இறுகின. சல்லடை போட்டுப் பிரிக்கும் வேலையை நீரே செய்துவிட்டது. கனரக உருளைகள் மலியாத அந்தக் காலத்தில் அவ்வளவு மண்ணைக் குவிப்பதற்கு இது சிக்கனமான வழி.

ஆனால் நடுவில் இருக்கும் அந்தச் சேறு இறுக நாளாகும். இறுகும்வரை இரு பக்கச் சரிவுகளையும் அது வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். மயாமி அணைகள் எழுந்துகொண்டிருந்த அதே 1918இல், கலிஃபோர்னியாவில் இதே முறையில் கட்டப்பட்டுவந்த கலாவெராஸ் அணை சரிந்தது. 1938இல் மொன்டானாவின் ஃபோர்ட் பெக் அணை கட்டுமானத்தின்போதே சரிந்து எட்டுத் தொழிலாளர்கள் மாண்டார்கள். இறுகிய பிறகும் இவ்வகை மண்ணை நிலநடுக்கம் விடுவதில்லை. 1971இல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே லோயர் சான் ஃபெர்னாண்டோ அணையின் உச்சியே நழுவி, சில அடி மண் மட்டும் எஞ்சி நீரைத் தாங்கியது. கீழே குடியிருந்த 80,000 பேரை வெளியேற்றினார்கள். ஒஹாயோ அணைகள் நூறாண்டு தாண்டி நிற்பதற்குக் கட்டியவர்களின் கவனம் காரணம். பெரிய நிலநடுக்கம் அரிதான வட்டாரம் என்பதும் காரணம். இன்று மண்ணை அடுக்கடுக்காகப் பரப்பி, ஈரப்பதம் பார்த்து, உருளையால் இறுக்கிக் கட்டும் முறை இருக்கும்போது பழையதைத் திரும்ப எடுக்கத் தேவையில்லை.

எப்படிக் கட்டினாலும் மண் அணைக்கு ஒரு பலவீனம் உண்டு: கரைக்கு மேல் நீர் வழிந்தால் கரை கரைந்துவிடும். 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தின் மச்சு இரண்டாம் அணையில் அதுதான் நடந்தது. கணக்கிட்டதை மீறிய வெள்ளம் மண்கரைகளின்மேல் வழிந்து அவற்றை அடித்துச் செல்ல, மோர்பி நகரம் சீரழிந்தது. மார்கன் இதை உணர்ந்திருந்தார். 1913 வெள்ளத்தைவிட ஏறக்குறைய 40 விழுக்காடு கூடுதலான வெள்ளத்துக்குக் கணக்குப் போட்டார். உபரிநீர் வழிய ஒவ்வோர் அணையிலும் கான்கிரீட் கலிங்கும் வைத்தார். தாராளமான கணக்குதான். ஆனாலும் அது அன்றுவரை கிடைத்த மழை, வெள்ளப் பதிவுகளை வைத்துப் போட்ட கணக்கு. வாயின் அளவும் அதோடு கான்கிரீட்டில் உறைந்துவிட்டது. மழையின் போக்கு மாறினால் கதவுள்ள அணையில் இயக்கவிதியை மாற்றி எழுதலாம். இங்கே மாற்றுவதற்கு விதியே இல்லை. ஆளின் தவறைத் தவிர்க்கப்போய், ஆளின் விவேகத்துக்கும் வழி அடைக்கப்பட்டிருக்கிறது. இந்த ஏற்பாட்டின் பெரிய குறை இதுவே என்பேன்.

செலவை மத்திய அரசிடமோ மாநிலத்திடமோ கேட்காமல், பயனடையும் சொத்துக்காரர்களிடமே வசூலித்தது நேர்மையான ஏற்பாடு. ஆனால் அணைக்குப் பின்னால் இருந்தவர்கள் இழந்ததும் உண்டு. ஹஃப்மன் அணையின் நீர்ப்பரப்புக்குள் வந்த ஆஸ்பார்ன் என்ற ஊர், வீடுகளைப் பெயர்த்துக்கொண்டு இடம் மாறியது. மேல்பகுதி மாவட்டங்களின் விவசாயிகள், டேட்டனைக் காப்பாற்ற எங்கள் நிலமா என்று கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் நிலத்தில் வெள்ளத்தைத் தேக்கும் உரிமையை வெள்ளத்தடுப்பு நிர்வாகம் விலைக்கு வாங்கிக்கொண்டது. அங்கே பயிர் செய்யலாம், வீடு கட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு இன்றுவரை நீடிக்கிறது.

நம் ஊரில் இதைப் பின்பற்ற முடியுமா என்று கேட்டால், இடறப்போவது பொறியியலில் அல்ல, இந்தக் கட்டுப்பாட்டில்தான். ஆண்டில் பல மாதம் காய்ந்து கிடக்கும் ஏரிப்படுகைக்குப் பட்டா கேட்பதும், பேருந்து நிலையமும் நீதிமன்றமும் கட்டுவதும் நமக்குப் பழகிய கதை. தண்ணீரே நிற்காத ஆயிரக்கணக்கான ஏக்கரை வெறுமனே விட்டுவைக்கச் சட்டமும் பிடிவாதமும் இருந்தால் கதவில்லாத அணையைக் கட்டலாம். அவை இல்லாமல் கட்டினால், அடுத்த பெருமழையில் அணைக்குக் கீழே இருப்பவர்கள் தப்புவார்கள்; பின்னால் குடியேறியவர்கள் மூழ்குவார்கள்.