கேரம்: எந்தக் காயை விட்டுவைப்பது?

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் சென்னையைச் சேர்ந்த காசிமா மூன்று தங்கம் வென்றார். பிள்ளைகளுக்குக் கேரம் கற்றுக்கொடுத்தால் என்ன என்று பல பெற்றோர் இப்போது யோசிக்கிறார்கள். நல்லது. ஆனால் தயவுசெய்து பாயிண்ட்ஸ் ஆட்டத்தில் தொடங்காதீர்கள்.

கறுப்புக்கு 5, வெள்ளைக்கு 10, ரெட்டுக்கு 50 என்று நம் தெருக்களில் ஆடுவதில் எல்லாக் காயும் எல்லோருக்கும் பொது. வசதியாகக் கிடப்பதை அடித்தால் போதும். குறி பழகும், அவ்வளவுதான். போட்டி ஆட்டத்தில் ஒருவருக்கு 9 வெள்ளை, மற்றவருக்கு 9 கறுப்பு, நடுவில் ரெட். தன் காய்களை முதலில் முடிப்பவருக்கு, எதிராளியின் காய்கள் பலகையில் எத்தனை மிச்சமோ அத்தனை புள்ளி. இங்கேதான் மூளைக்கு வேலை வருகிறது.

குழி வாயில் உங்கள் வெள்ளை நிற்கிறது. புதிதாக ஆடுபவர் உடனே அதைப் போட்டுவிடுவார். விஷயம் தெரிந்தவர் தொடமாட்டார். அது அங்கே நிற்கும்வரை அந்தக் குழி எதிராளிக்குப் பூட்டிய கதவு. அவர் தன் கறுப்பை அங்கே அனுப்பினால் முதலில் உள்ளே விழுவது உங்கள் காய்தான். அந்த நேரத்தில் நீங்கள் தூரத்தில் சிக்கிக் கிடக்கும் காயை மீட்கலாம். கடைசிக் காய் எது, அதற்கு முந்தியது எது என்று பின்னாலிருந்து கணக்குப் போடும் பழக்கத்தைப் பாயிண்ட்ஸ் ஆட்டம் தராது.

ரெட்டுக்கும் இதே கணக்கு. ஒரு காயாவது போட்ட பிறகே ரெட்டை எடுக்கலாம். அடுத்த அடியிலேயே ஃபாலோவாகத் தன் காய் ஒன்று விழ வேண்டும். ரெட் பலகையில் இருக்கக் கடைசிக் காயைப் போட்டவர் அந்த போர்டையே, அதாவது அந்தச் சுற்றையே, இழப்பார். போர்டை வென்றால் ரெட்டுக்கு மூன்று புள்ளி கூடுதல். ஆனால் 22 புள்ளியைத் தொட்டவருக்கு அந்த மூன்று கிடையாது. அப்போதும், பின்தங்கியிருக்கும் எதிராளி கைக்குப் போகாமல் தடுக்க அதை எடுக்கத்தான் வேண்டியிருக்கும்.

அடுத்தது கை. படார் என்று அடித்தால்தான் கேரம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். குழியின் விட்டம் 4.45 செ.மீ., காயின் விட்டம் ஏறத்தாழ 3 செ.மீ. மெதுவாக வரும் காய் விளிம்பில் உரசினாலும் விழும். வேகமாக வந்தால் தெறித்து வெளியேறும். ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராம் வரை, காய் ஐந்தரை கிராமுக்குள். நேராக அடித்தால் கனமான ஸ்ட்ரைக்கர் காயின் பின்னாலேயே போய்க் குழியில் விழும், மைனஸ். அதனால் முதல் சில வாரங்கள் பிரேக்கைத் தள்ளிவைத்து, மெல்லிய கட் அடிகளை மட்டும் பழக்குங்கள். விரல் நகம் ஸ்ட்ரைக்கரை ஒட்டியே இருக்கட்டும்; தள்ளிவைத்துச் சுண்டினால் திசை மாறும். அடித்த பிறகு ஸ்ட்ரைக்கர் எங்கே போய் நிற்கிறது, எதிராளியின் எந்தக் காயைக் கலைத்துவிட்டது என்று ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்லுங்கள். எதிராளியின் காய்கள் நெருக்கிக் கிடந்தால் அவற்றைத் திறந்துவிடாமல் இருப்பதும் ஒரு நல்ல அடிதான்.

இந்த ஆட்டத்தில் நமக்கு உரிமை பெரிது. சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-ல் சென்னையில்தான் தொடங்கியது. இரண்டு முறை உலகச் சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர். 1996-க்கான அர்ஜுனா விருது பெற்றவர். வியாசர்பாடி இளவழகியும் உலகப் பட்டம் வென்றவர்தான். வட சென்னையின் சின்னச் சின்ன மன்றங்களில், பலகைக்கு மேல் தொங்கும் ஒரு விளக்கின் கீழ் வளர்ந்த ஆட்டம் இது.

பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மழை நாளில் பொழுதுபோக்க மட்டும் பலகையை எடுக்காதீர்கள். வெள்ளை, கறுப்பு பிரித்து, 25 புள்ளி அல்லது 8 போர்டு என்ற முழு கேமை, நடுவர் வைத்து வாரம் ஒரு நாளாவது ஆடவிடுங்கள்.