மே மாதப் பூவுக்கு மார்கழியில் விதை

உதகமண்டலம் அரசு தாவரவியல் பூங்காவில் மே மாத மலர்க் கண்காட்சிக்கு அடுக்கப்படும் தொட்டிகளை, அழகு என்று ஒரு சொல் சொல்லிவிட்டுக் கடந்துபோவது எளிது. கோடை விடுமுறையில் திருவண்ணாமலையிலிருந்து அங்கே போய்வருகிறவர்களும் பெரும்பாலும் அப்படித்தான் கடக்கிறார்கள். என் பார்வையில், தமிழ்நாட்டில் நடக்கும் தோட்ட வேலைகளில் மிக நுட்பமானவற்றுள் அது ஒன்று. அந்த நுட்பத்தைப் பார்வையாளரின் கண்ணில் படாமலே வைத்திருப்பதுதான் அதன் பெரிய குறை.

நுட்பம் நாள் கணக்கில் இருக்கிறது. பெட்டூனியா விதைத்து ஏறக்குறைய மூன்று மாதத்தில் பூக்கும். பான்சிக்கு அதைவிடச் சில வாரம் கூடுதலாக வேண்டும். சினரேரியாவும் கால்சியோலேரியாவும் நான்கைந்து மாதம் எடுத்துக்கொள்ளும். இத்தனையும் ஒரே வாரத்தில் காட்சி மாடத்தில் பூத்து நிற்க வேண்டும் என்றால், கண்காட்சித் தேதியில் தொடங்கிப் பின்னோக்கி எண்ணி, ஒவ்வொன்றுக்கும் விதைக்கும் நாளைத் தனியாகக் குறிக்க வேண்டும். நுனி கிள்ளுவதும் இந்தக் கணக்கில் சேரும். கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடித்துச் செடி குடைபோல அடர்ந்துவிடும். ஆனால் பூ தள்ளிப்போகும். எத்தனை நாள் தள்ளிப்போகும் என்பதைப் பல ஆண்டு அனுபவமுள்ள தோட்டக்காரரின் கைதான் அறியும்.

இடர் என்னவென்றால், கணக்குப்படி விதைக்கும் காலமும் உறைபனிக் காலமும் ஒன்றாக வருகின்றன. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில் மார்கழி, தை இரவுகளில் வெப்பநிலை சில நாள் பூஜ்ஜியத்தைத் தொட்டுவிடும். இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து திசு கிழியும். காலை வெயில் பட்டதும் இலை கருகிப்போகும். பாத்தியில் இருக்கும் செடியைத் தழையாலோ பிளாஸ்டிக் விரிப்பாலோ மூடலாம், விடியலில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கலாம். தொட்டியை அப்படியே தூக்கிக் கண்ணாடிக் கூரைக்குள் வைத்துவிடலாம். குளிர் பிரதேசத்தில் தொட்டி வளர்ப்புக்கு மதிப்பு வந்ததே இந்த நகர்த்தும் வசதியால்தான். அதற்கு விலையும் உண்டு. நிலத்து மண் மெல்லக் குளிரும்; தொட்டி மண்ணோ நாலா பக்கமும் குளிரை வாங்கி வேரிடம் சேர்த்துவிடும். அதனால் மாலையில் தண்ணீர் ஊற்றினால் ஈர மண் இரவெல்லாம் சில்லிட்டுக் கிடக்கும். இலையில் பூஞ்சையும் வரும். காலையில் ஊற்றுவதே சரி.

1848-இல் இந்தப் பூங்காவை அமைக்கத் தொடங்கிய வில்லியம் கிரகாம் மெக்ஐவர் இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் பயின்றவர். ஆனால் அவருடைய நாட்டு வழக்கத்தை ஊட்டி அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஐரோப்பாவில் வசந்தத் தொட்டி என்றால் முதலில் டியூலிப், டாஃபடில் கிழங்குகள். இலையுதிர் காலத்தில் புதைத்தால், டியூலிப் பன்னிரண்டு வாரத்துக்கும் மேல் குளிரில் உறங்கிய பிறகே பூக்கும். ஊட்டியில் இரவு உறையும், பகலில் வெயில் காயும். அந்த நீண்ட உறக்கம் இங்கே வாய்க்காது. எனவே விதையிலிருந்து வரும் ஓராண்டுச் செடிகள் தொட்டிகளில் முதலிடம் பிடித்தன. நம் மலைக்கு ஏற்ற தேர்வு அது.

2023-இல் 125-ஆவது கண்காட்சி நடந்தது. நீண்ட மரபு. இருந்தும் கூட்டம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 2024-இல் கொய்மலர்களால் டிஸ்னி கோட்டையும் மலை ரயிலும் கட்டினார்கள். கேமராக்கள் எல்லாம் அங்கேதான். பறித்த பூக்களைச் சட்டகத்தில் செருகிச் சில நாளில் முடிக்கும் வேலை முன்னே வந்துவிட, ஐந்து மாதம் உழைத்து வளர்த்த ஆயிரக்கணக்கான தொட்டிகள் ஓரத்து அலங்காரமாகிவிடுகின்றன. இந்த வரிசை தவறு என்று உறுதியாகச் சொல்வேன்.

தவறின் விளைவு மலையோடு நிற்பதில்லை. மார்கழி, தை மாதங்களில் ஓசூர், பெங்களூரு பக்கத்துப் பண்ணைகளில் பூக்க வைத்த பெட்டூனியாவும் டேலியாவும் திருவண்ணாமலை நர்சரிகளுக்கு வருகின்றன. வாங்குகிறவர் கையில் கிடைப்பது வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்துவிட்ட செடி. மாசி வரை பூக்கும். பங்குனியில் மொட்டைமாடி சுடத் தொடங்கினால், கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிக்குள் வேர் வெந்துவிடும். ‘என் கைக்குச் செடி வராது’ என்று அந்த வீட்டு அம்மா முடிவுகட்டிவிடுகிறார். கையில் குறையில்லை. அந்தச் செடியின் காலக்கணக்கை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. இது கோயில் ஊர். காலையில் நாலு பூ பறித்து அண்ணாமலையாருக்கோ வீட்டுப் பூஜைக்கோ வைக்கிற பழக்கம் தெருவுக்குத் தெரு இருக்கிறது. நந்தியாவட்டையும் செவ்வரளியும் செம்பருத்தியும் தொட்டியிலும் வரும், கோடையையும் தாங்கும், பறிக்கப் பறிக்கப் பூக்கும். பெட்டூனியா கண்ணுக்கு மட்டும்தான். அதற்காக அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. கார்த்திகை தீபம் முடிந்து வரும் இரண்டு மூன்று மாதக் குளுமையில் அந்த நிறங்கள் தரும் மகிழ்ச்சி பெரியது. நிரந்தரச் செடியின் இடத்தில் அதை வைத்து ஏமாறக் கூடாது, அவ்வளவே.

ஆகவே ஊட்டியிலிருந்து நாம் வாங்கி வர வேண்டியது அதன் நாட்காட்டியை. காட்சி மாடத்தில் ஒவ்வொரு வகைத் தொட்டியின் அருகிலும் பெயரோடு விதைத்த நாள், மாற்றி நட்ட நாள், நுனி கிள்ளிய நாள் எழுதிய பலகையைத் தோட்டக்கலைத் துறை வைக்கலாம், செலவு சொற்பம். திருவண்ணாமலையில் கணக்கு வேறு. தை மாதப் பூவுக்குப் புரட்டாசி இறுதியில் குழித்தட்டில் தென்னை நார்க்கழிவு நிரப்பி விதைக்க வேண்டும். ஐப்பசி மழை நேரே விழுந்தால் நாற்று அழுகும். கூரையடியில் வைத்து, வெயில் வரும் நேரம் மட்டும் வெளியே எடுக்கலாம். கார்த்திகையில் மண்தொட்டிக்கு மாற்றி, வாடிய பூவை விதை பிடிக்கும் முன் கிள்ளிவந்தால் மாசி வரை ஓயாது பூக்கும். பங்குனி பிறந்ததும் அந்த மண்ணில் மக்கிய சாணம் கலந்து நந்தியாவட்டைக் கன்றை வைத்துவிடலாம்.