அலமாரிப் பூட்டும் ஐந்து விதிகளும்

நூலகங்களைப் பற்றிய நூல்களை நூலகர்கள் மட்டுமே படிப்பது வழக்கம். அவ்வழக்கத்திற்கு விலக்காக, இல்லந்தோறும் படிக்கப்பெற வேண்டிய நூல் ஒன்று உண்டு. சீர்காழியில் 1892இல் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன் ஆங்கிலத்தில் எழுதிய 'நூலகவியலின் ஐந்து விதிகள்' என்பதே அது. சென்னை நூலகச் சங்கம் அதனை 1931இல் வெளியிட்டது. அவர் பயின்ற கல்லூரி 1937இல் நம் தாம்பரத்திற்கே குடிபெயர்ந்தது. நூல்களை வாங்குவதிலும் அடுக்குவதிலும், படித்தவற்றை நண்பர்க்கு எடுத்துரைப்பதிலும் இன்பம் காணும் தென்சென்னைப் புறநகர் வாசகராகிய நாம், அந்நூலை நம் வீட்டு அலமாரியின் முன் நிறுத்தி ஆராய்வது பொருத்தமே.

அவருடைய விதிகளின் சாரம் இது: நூல் பயன்படுவதற்கே இருக்கிறது, எந்த வாசகருக்கும் உரிய நூல் கிட்ட வேண்டும், எந்த நூலும் தனக்குரிய வாசகரைச் சென்றடைய வேண்டும், வாசகரின் காலம் வீணாதல் ஆகாது, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். இவற்றைக் கேட்பவர், "இதற்கு ஒரு நூல் வேண்டுமா?" என வினவக்கூடும். ஆயின் இந்த எளிமை ஏமாற்றும் எளிமையாகும். இடைக்கால ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் மேசையோடு பிணைத்து வைத்திருந்த வரலாற்றை நினைவூட்டியே அரங்கநாதனார் முதல் விதியை விளக்கத் தொடங்குகிறார். காப்பதே கடமை என்று எண்ணியவர்கள், பயன்படுத்துவதைக் குற்றம் போலக் கருதிய காலம் அது.

அக்காலம் போய்விட்டதா? நம் வரவேற்பறைகளைப் பார்ப்போம். கண்ணாடிக் கதவிட்ட அலமாரி, அதற்கொரு பூட்டு, சாவி இருக்குமிடம் குடும்பத் தலைவருக்கு மட்டுமே தெரியும். வருவோர் நூல்களின் முதுகைக் காண்கின்றனர், முகத்தைக் காண்பதில்லை. இரும்புச் சங்கிலி கண்ணாடியாக மாறியது ஒன்றே நாம் கண்ட முன்னேற்றம். வாசகர் தாமே அடுக்கினருகே சென்று எடுத்துப் பார்க்க உரிமை வேண்டும் என்று 1931லேயே வாதாடிய அந்நூலின் முன்னால் நம் அலமாரி தலைகுனிந்தே நிற்கிறது.

எனினும் அந்நூலை அப்படியே வீட்டிற்குள் கொண்டுவர இயலாது. அது நிறுவனங்களுக்காக எழுதப்பெற்றது. இலண்டன் கடையொன்றில் துண்டுகளை இணைத்து விளையாடும் பொம்மைப் பெட்டியைக் கண்டு, அறிவுத் துறைகளையும் அவ்வாறே இணைத்துக் காட்டலாம் என்று எண்ணி, 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை உலகப் புகழ் பெற்றது. முந்நூறு நூல்கள் உள்ள வீட்டில் அக்குறியீடுகளை எழுதி ஒட்டினால், நூலைத் தேடும் நேரத்தைவிடக் குறியீட்டைப் படிக்கும் நேரமே மிகும்; நான்காம் விதியே மீறப்படும். வீட்டிற்குத் தேவையானது வேறோர் ஒழுங்கு. உயரத்தாலோ அட்டையின் நிறத்தாலோ அன்றி, 'அடுத்து இதைப் படிக்கப்போவது யார்?' என்ற கேள்வியால் அமையும் ஒழுங்கு அது. சிறுவர் நூல் சிறுவர் கைக்கெட்டும் தட்டில் இருக்கட்டும். முதியோர் நாள்தோறும் புரட்டும் செப நூலும் விவிலியமும் குனியாமல் எடுக்கும் உயரத்தில் இருக்கட்டும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராசபுரமும் வெள்ளத்தில் மூழ்கியதைக் கண்ட நாம், மறுபதிப்புக் காணாத நூல்களைத் தரைத்தள வீட்டின் அடித்தட்டில் வைக்கலாகாது என்பதையும் இவ்விதிகளோடு சேர்த்துக்கொள்ளலாம். சுவரின் ஈரம் தாக்காதவாறு அலமாரியைச் சற்றுத் தள்ளி வைப்பதும், ஏடுகளைக் காக்க நம் முன்னோர் பயன்படுத்திய வசம்பை நூல்களிடையே இடுவதும் செலவில்லாத காவல்.

பரிந்துரை என்னும் கலைக்கு வருவோம். இரண்டாம், மூன்றாம் விதிகளை அரங்கநாதனார் தனித்தனியே விரித்துரைக்கிறார். வீட்டிலோ அவை இரண்டும் ஒரே செயல். வாசகரையும் நூலையும் ஒருங்கே அறிந்தவர் அங்கு வீட்டுக்காரரே. ஆனால் நம் பரிந்துரைகள் பெரும்பாலும், "அருமையான நூல், அவசியம் படியுங்கள்" என்பதோடு முடிந்துவிடுகின்றன. இது நூலைப் புகழ்கிறது, வாசகரை எண்ணவில்லை. வீரமாமுனிவரின் தேம்பாவணி 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட காப்பியம். அதனைப் பள்ளி மாணவனிடம் நீட்டி, "படி" என்றால், அவன் அதனை மரியாதையோடு வாங்கி மரியாதையோடு மூடிவைப்பான். அம்முனிவரே எழுதிய பரமார்த்த குருவின் கதையை முதலில் கொடுத்தால், அவன் வயிறு குலுங்கச் சிரிப்பான். எழுதியவர் யார் என்று தானே கேட்பான். அப்போது காப்பியத்தின் ஒரே ஒரு படலத்தைக் காட்டலாம். படிக்கட்டு அமைத்துத் தருவதே பரிந்துரை. மாடியைச் சுட்டிக்காட்டுவது அன்று.

வீட்டில் இருக்கும் நூல் என்ன செய்யும் என்பதற்குத் திருச்சபை வரலாறே சான்று. 1521இல் பம்பலோனாப் போரில் கால் நொறுங்கி, லொயோலாவில் தம் குடும்ப மாளிகையில் படுத்திருந்த இஞ்ஞாசியார், பொழுதுபோக்க வீரசாகசக் கதைகளைக் கேட்டார். அவ்வீட்டில் அவை இல்லை. இருந்தவை கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறும் மட்டுமே. வேறு வழியின்றிப் படித்தவர் வேறு மனிதரானார். அவர் நிறுவிய சபையைச் சார்ந்த அன்ரீக்கி அடிகளார் 1586இல் அச்சிட்ட தமிழ்ப் புனிதர் வரலாறும், இஞ்ஞாசியார் கையில் கிடைத்த நூலைப்போலவே, 'புளோஸ் சாங்க்தோரும்' என்னும் பெயரையே தாங்கியது. ஒரு மாளிகையின் சிறிய நூல் தொகுதி முத்துக்குளித்துறைவரை நீண்ட வரலாறு இது.

இனி நம் முதன்மையான மறுப்புக்கு வருவோம். நூலகம் வளரும் உயிர் என்னும் ஐந்தாம் விதி, நிறுவனத்தை மனத்திற்கொண்டு எழுந்தது. நிறுவனத்திற்கு முதுமை இல்லை. வீட்டு நூல் தொகுதிக்கோ உரியவரின் ஆயுளே எல்லை. அவர் மறைந்த சில மாதங்களில், வாழ்நாளெல்லாம் சேர்த்தவை பழைய தாள் கடையின் தராசில் ஏறுகின்றன. வளரும் உயிர் மடியவும் கூடும். அதற்கு ஓர் ஆறாம் விதி வேண்டும்: தனக்குப்பின் நூல்கள் எங்குச் செல்லும் என்பதை உரியவர் உயிரோடிருக்கும்போதே முடிவு செய்தல்.

இதற்கு நம் அருகிலேயே எடுத்துக்காட்டு உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்து 1911இல் விலகிய மறைமலையடிகள், பல்லாவரத்தில் குடியேறி 1950இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். அவர் தேடித்தேடிச் சேர்த்த நூல்கள் சிதறவில்லை. 1958இல் சென்னை இலிங்கிச் செட்டித் தெருவில் தொடங்கப்பெற்ற மறைமலையடிகள் நூல் நிலையத்திற்கு அவையே அடித்தளமாயின. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, ஏறத்தாழ 1,00,000 நூல்களையும் இதழ்களையும் துண்டு வெளியீடுகளையும் சேர்த்துவைத்து 1992இல் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கித் தமிழகத்திலேயே நிலைநிறுத்தியதால், அவை இன்று நம் தரமணியில் ஆய்வாளர்க்குப் பயன்படுகின்றன. காத்தது அயல்நாட்டுக் கை என்பதில் நன்றியும் வருத்தமும் ஒருங்கே எழுகின்றன.

அந்த வருத்தம் கத்தோலிக்கராகிய நமக்குப் புதிதன்று. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1679இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சா அடிகளாரின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியைத் தனிநாயகம் அடிகளார் 1954இல் வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து, 1966இல் மறுபதிப்பாக வெளியிட்டார். 275 ஆண்டுகள் அந்நூல் தன் வாசகருக்காகக் காத்திருந்தது. யாரோ அதனைக் காத்தனர். யாரோ அடுக்கில் முறையாக வைத்தனர். தேடி வந்தவர் தாம் கண்டதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாது பிறர்க்கு உரைத்தார். இம்மூன்றில் ஒன்று குறைந்திருப்பினும் அந்நூல் நமக்கு இல்லை.

"கொடுத்த நூல் திரும்புவதில்லையே!" என்பார் சிலர். அவர்கள் கவலை நியாயமானதே. ஒரு சிறு குறிப்பேட்டில் நூலின் பெயர், பெற்றவர், நாள் ஆகியவற்றை எழுதிவைத்தால் பாதிக் கவலை தீரும். கிடைத்தற்கரிய நூலை வெளியே அனுப்ப வேண்டியதில்லை. அன்பரை வீட்டிற்கு அழைத்துப் படிக்கச் செய்யலாம். எஞ்சியவை போனாலும், கறையானுக்குப் போவதினும் மனிதருக்குப் போவது மேல் அன்றோ? மேலும், 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தால் நாம் வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்திவருகிறோம். ஆதலால் நம் பகுதிக் கிளை நூலகமும் நம் அலமாரியின் ஒரு தட்டே. அங்கு நாம் வழங்குபவை வேண்டாதவற்றின் கழிவாக அன்றி, விரும்பிப் படித்தவற்றின் பகிர்வாக அமையட்டும்.

அரங்கநாதனார் 1972இல் மறைந்தார். அவர் நூல் நூறாண்டை நெருங்குகிறது. அதனைப் போற்றும் வழி விழா எடுப்பது மட்டுமன்று. இந்த வாரமே அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு நூலையும் கையில் எடுத்து, 'இது யாருக்கு?' என்று கேட்போம். பெயர் தோன்றினால் ஒரு துண்டுத் தாளில் எழுதி அந்நூலுக்குள் வைப்போம். அந்தப் பெயருக்கு உரியவர் அடுத்த முறை வீட்டிற்கு வரும்போது, தேநீரோடு நூலையும் கொடுத்தனுப்புவோம்.