மழை வருவது யாருக்கு முதலில் தெரியவேண்டும்?

டேரன் அசெமோக்லுவும் சைமன் ஜான்சனும் எழுதிய 'பவர் அண்ட் ப்ராக்ரஸ்' (2023) பற்றி எழுதச் சொல்லி நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு இருவருக்கும் ஜேம்ஸ் ராபின்சனோடு சேர்த்துப் பொருளாதார நோபல் கிடைத்தது. (இந்தப் புத்தகத்துக்காக இல்லை, நிறுவனங்கள் பற்றிய பழைய ஆய்வுக்காக.) செயற்கை நுண்ணறிவு சமூகத்தை என்ன செய்யும் என்று வெள்ளமாக வரும் புத்தகங்களில் இது உருப்படியான ஒன்று. தொழில்நுட்பம் வளர்ந்தால் எல்லாருக்கும் தானாக நன்மை வந்துவிடாது, அதன் திசையை அதிகாரம் உள்ளவர்களே முடிவு செய்கிறார்கள் என்பது இதன் வாதம். உடன்படுகிறேன்.

என் சண்டை ஒரே ஒரு இடத்தில்தான். ஆளை அகற்றும் இயந்திரம் ஒரு பக்கம், மனிதருக்கு உதவும் கருவி இன்னொரு பக்கம் என்று பிரிக்கிறார்கள். சரியான தகவலைச் சரியான நேரத்தில் தரும் கருவி இரண்டாவது பக்கத்தில், அதாவது நல்ல பக்கத்தில் வருகிறது. மரக்காணம் உப்பளத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கோடு நிற்கமாட்டேன் என்கிறது.

ஈசிஆரில் பாண்டிச்சேரி போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுதான் என்று ஆய்வாளர்கள் சொல்லும் ஊர். 3,000 ஏக்கருக்கு மேல் உப்புப் பாத்திகள். கடல்நீரின் அடர்த்தி பாமே மானியில் மூன்று, மூன்றரை டிகிரி காட்டும். வெயிலில் வற்றி 25 டிகிரியைத் தொடும்போதுதான் உப்பு கட்ட ஆரம்பிக்கும். அதற்குள் நல்ல மழை ஒன்று பெய்தால் பல நாள் வெயில் வீண், திரும்ப முதலிலிருந்து. கட்டிய உப்பும் கரைந்து போகும்.

ஆக, மழையை முன்கூட்டிச் சொல்வதைவிட இங்கே பெரிய தகவல் எதுவும் இல்லை. செயற்கை நுண்ணறிவு உண்மையாகவே ஜெயித்த துறையும் அதுதான். டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட் 2023ல் பத்து நாள் வானிலையை ஒரு நிமிடத்துக்குள் கணித்துக் காட்டியது. ஐரோப்பிய வானிலை மையம் 2025 பிப்ரவரியில் தன் செயற்கை நுண்ணறிவு மாதிரியை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு இந்திய வேளாண் அமைச்சகம் பருவமழைத் தொடக்கம் பற்றி இப்படிக் கணித்த தகவலை 3.8 கோடி விவசாயிகளுக்கு எஸ்எம்எஸ்ஸில் அனுப்பியது.

இப்போது பாத்திக்கு வருவோம். உப்பு குத்தகைதாரருடையது. வாரிச் சுமப்பவர் தினக்கூலி. முன்னறிவிப்பு இல்லாத காலத்தில் காலையில் வேலைக்கு வைத்தபின் மழை பெய்தால் நஷ்டம் பாத்திக்காரருக்கு. செய்த வேலைக்குக் கூலி கொடுத்தே ஆகவேண்டும். மூன்று நாள் முன்னாடியே தெரிந்துவிட்டால்? இன்றே உப்பை வாரிக் குவித்துக் கீற்றுப் போட்டு மூடிவிட்டு, "நாளையிலிருந்து வராதீங்க" என்று சொல்லிவிடலாம். ஒருநாள் அவசர வேலை கிடைக்கும், உண்மைதான். அதன்பின் வரும் வெறும் நாட்களின் நஷ்டம் யார் தலையில்? மழை அதே மழைதான். தகவல் சரியாகச் சரியாக நஷ்டம் குத்தகைதாரரிடமிருந்து கூலிக்காரருக்கு நகர்கிறது. யார் வேலையையும் இயந்திரம் பிடுங்கவில்லை. புத்தகத்தின் பாகுபாட்டில் இது 'உதவும் கருவி'.

தகவல் ஏழைக்கு நல்லது என்பதற்கு வழக்கமாகக் காட்டப்படும் உதாரணம் கேரள மீனவர்கள். கைப்பேசி வந்தபின் மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, நுகர்வோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது என்று ராபர்ட் ஜென்சன் 2007ல் காட்டினார். அருமையான ஆய்வு, நானே இரண்டு மூன்று தடவை படித்திருக்கிறேன். ஆனால் அங்கே தகவலைக் கேட்டு எந்தக் கரைக்குப் போவது என்று முடிவு செய்தவர்களின் கையிலேயே மீனும் இருந்தது. உப்பு வாருகிறவர் கைப்பேசியிலும் அதே வானிலை செயலி இருக்கிறது. அதை வைத்து அவர் என்ன முடிவு எடுக்கமுடியும்?

வேறு விதமாகவும் செய்யலாம். குஜராத்தில் சேவா அமைப்பு தன் பெண் உறுப்பினர்களுக்கு ஒரு வெப்பக் காப்பீடு கொண்டுவந்தது. வெப்பநிலை ஒரு அளவைத் தாண்டினால் பணம் வரும், நஷ்டத்தை நிரூபிக்கத் தேவையில்லை. தரவு வானிலைத் தரவேதான், பணம் போகும் திசை மட்டும் வேறு. இங்கே தமிழக அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் அது நாட்காட்டியைப் பார்த்துத் தருவது, அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும். உற்பத்தி உச்சத்தில் இருக்கும் மே மாதத்தில் நான்கு நாள் கோடைமழை பெய்தால் அதில் கணக்கு இல்லை. மழை அளவோடு அதை இணைப்பது நிரல் எழுதுகிறவனாகச் சொன்னால் ஒரு நாள் வேலைகூட இல்லை.

புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் இணைய விளம்பரத்துக்கு வரி, பெரிய நிறுவனங்களை உடைப்பது, தரவுக்கு உரிமை என்று யோசனைகள் வரிசையாக வருகின்றன. முன்னறிவிப்பால் ரத்தான ஒரு நாள் வேலைக்குக் கூலி யார் தருவது என்ற கேள்விக்கு அந்த வரிசையில் இடம் இல்லை.