ஒரு நாள் தாலி!

லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’ 2007இல் வெளிவந்த நூல். திருநங்கை ஒருவர் தம் வாழ்வைத் தாமே எழுதியது. பலர் படித்தனர், கண்ணீர் வடித்தனர், கண்ணீரோடு கடமை முடிந்ததெனப் புத்தகத்தை மூடியும் வைத்தனர். நாம் அந்தக் கண்ணீரை நம்பவில்லை. அதனால்தான் நூலை மீண்டும் திறக்கிறோம்.

இதற்கு முன்பே சு. சமுத்திரம் ‘வாடாமல்லி’ நாவலைத் தந்தார். துணிவான முயற்சி, ஐயமில்லை. எனினும் அங்கே பேசுபவர் வெளியே நின்று இரங்கியவர். இங்கோ, வழக்குக்கு உரியவரே கூண்டேறிச் சாட்சி சொல்கிறார். மொழியியலில் முதுகலை பெற்றவர் பூனா ரயில்களில் கைதட்டிப் பிச்சை கேட்கிறார்! கடப்பாவில் அரைகுறை வசதியில் அறுவை. ஆறாத புண்ணோடு ரயில் பயணம். படித்த நமக்கு வெட்கம் வரவேண்டிய இடம் அது.

நூலில் நமக்கொரு குறையும் உண்டு. துயரம் விரைந்து சொல்லப்படுகிறது. அத்துயருக்கு யார் பொறுப்பு என்னும் விசாரணை பல இடங்களில் பாதியில் நிற்கிறது. அவர் விட்ட இடத்திலிருந்து நாம் கேட்போம்.

உளுந்தூர்ப்பேட்டை அருகே கூவாகம். சித்திரையில் கூத்தாண்டவர் திருவிழா. பூசாரி கட்டும் தாலியால் திருநங்கையர் ஓரிரவு அரவானின் மனைவியர். மறுநாள் தாலியறுத்து ஒப்பாரி. ஆண்டுக்கு ஒரு நாள் கடவுளுக்கு மனைவி. எஞ்சிய நாளெல்லாம் வாடகைக்கு வீடில்லை, வேலைக்கு இடமில்லை! இந்தக் கணக்கு நமக்குப் புதிதா? பொட்டுக்கட்டிப் பெண்களைக் கடவுளுக்கு வாழ்க்கைப்படுத்தி, உடலைச் செல்வருக்கு விற்றதும் இதே வைதீகக் கணக்கன்றோ? அதை முறியடிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி 1886இல் பிறந்தது புதுக்கோட்டையில். அதைக் காக்க வாதாடிய சத்தியமூர்த்தி பிறந்த திருமயமும் அதே சீமைதான்! ஒரே மண், இரு குரல். 1947இல் சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டுதலை ஒழித்தது. கூவாகத் தாலியையோ இன்றும் பண்பாடென்று புகைப்படம் எடுக்கிறோம்.

தொல்காப்பியன் இவர்களை உயர்திணையில் வைத்தான். நம் தெருவோ ‘அது’ என்கிறது. இலக்கணம் தெரிந்த இனமாம்!

இழிவு உடலையும் விடுவதில்லை. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் எச்.ஐ.வி.யை இந்தியாவில் முதன்முதல் கண்டறிந்தனர். உடனே ‘பாவத்தின் சம்பளம்’ என்றனர் பக்தர்கள். கிருமிக்குப் பாவ புண்ணியம் தெரியுமா? 2021ஆம் ஆண்டுக் கண்காணிப்பில், இந்தியாவில் வயது வந்தோரிடை நூற்றுக்குச் சுமார் 0.2ஆக இருந்த தொற்று, ஆணோடு உறவுகொள்ளும் ஆண்களிடை 3.3, திருநங்கையரிடை 3.8 அளவில் இருந்தது. பிறப்பு இந்த நோயைத் தரவில்லை. வீட்டைவிட்டு விரட்டியதும், பிழைப்புக்கு உடலையே மூலதனமாக்கியதும், ஆணுறை கேட்டால் கூடுதல் காசு போய்விடுமென்னும் பசியும், மருத்துவமனை வரிசையில் எழும் சிரிப்பும் தந்தவை இவை. மருந்து இருக்கிறது, அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது. தவறாது உண்டு, இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உறவின் வழியே தொற்று பரவாதென்பதும் மெய்ப்பிக்கப்பட்டது. சிரிப்புக்குத்தான் மருந்தில்லை.

2008 ஏப்ரல் 15இல் தமிழக அரசு திருநங்கையர் நலவாரியம் அமைத்தது, இந்தியாவிலேயே முதன்மை. பெருமைதான். ஆனால் மேடையில் அதைப் பெருமையாகப் பேசிவிட்டு, இறங்கியதும் திருநங்கையைக் கண்டு கேலி பேசும் தோழர்கள் நம்மிடையே இல்லையா?

இன்னொரு கூட்டமும் உண்டு. புடவை கட்டாதது, அதனால் கண்ணுக்குத் தெரியாதது. ஆணை விரும்பும் ஆண். 377ஆம் பிரிவு 2018வரை அவனைக் குற்றவாளி என்றது. சட்டம் மாறிய பின்னும் சாதி பார்த்து, சாதகம் பார்த்து அவனுக்குப் பெண் தேடுகிறார்கள். அவன் ஒளிகிறான்; ஒளிவில் பரிசோதனை ஏது? அறியாமல் அந்த ஆபத்தில் பங்கேற்பவள் அவன் மனைவி. அவன் கதையை வித்யாவின் நூலில் தேடினால் கிடைக்காது; அதை எழுதுவது அவர் கடனுமன்று. அந்தக் கதை புதுக்கோட்டையில், நம் வாசகசாலைப் பெஞ்சிலேயே, வாய் திறவாமல் அமர்ந்திருக்கக்கூடும்.