ஆசான் தரும் கால் பங்கு: இணையவழித் தமிழ்க் கல்வியும் வளாகக் கல்வியும்

முன்னுரை

தமிழைப் பட்டப்படிப்பு நிலையில் கற்க விரும்பும் ஒருவர் பல்கலைக்கழக வளாகத்தை நாடுவதா, இணையவழிக் கல்வியை நாடுவதா என்னும் வினா கிள்ளான் பள்ளத்தாக்கில் அடிக்கடி எழுகின்றது. பெரும்பாலும் கட்டணம், காலம், பட்டத்திற்குரிய ஏற்பு ஆகியவற்றைக் கொண்டே இதற்கு விடை கூறப்படுகின்றது. இவை புறக்கணிக்கத்தக்கன அல்ல. எனினும், எவ்வழியில் கற்றால் மாணவர் புலமை பெறுவார் என்னும் அடிப்படை வினா இவற்றால் மறைக்கப்பட்டுவிடுகின்றது. அவ்வினாவை நன்னூல் கூறும் கற்றல் நெறியின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு வழிகளின் தோற்றம்

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை, 1956ஆம் ஆண்டு, அப்பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இயங்கிய காலத்தில் தோற்றம் பெற்றது. 1959இல் கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது. தனிநாயக அடிகளார் துறைத்தலைவராக விளங்கிய காலத்தில், 1966ஆம் ஆண்டு, முதலாம் உலகத் தமிழ் மாநாடு இந்நகரில் நிகழ்ந்தது. அறிஞர்கள் நேரிற் கூடி உரையாடும் மரபு இங்கு எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதற்கு அதுவே சான்று.

இணையவழிக் கல்விக்கும் இன்று கால் நூற்றாண்டு வரலாறு உண்டு. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டி எழுந்த திட்டத்தின் பயனாக 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. பின்னர் அது தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. மலேசியாவில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்களைச் சேர்த்ததும் அதே 2001ஆம் ஆண்டில்தான். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபோது வளாகங்களும் இணையத்தையே நம்ப நேர்ந்தது. ஆனால் அது தேர்வன்று, கட்டாயம்.

நன்னூல் தரும் அளவுகோல்

பவணந்தியார் பாயிரப் பகுதியில் மாணாக்கர் கற்கும் முறையை வகுக்கின்றார். ஆசிரியர் உரைத்ததைச் செவ்வனே கொண்டாலும் மாணவர்க்குக் கிட்டுவது கால் பங்கே. உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கு என்பது அவர் கருத்து. ஆசிரியரின் பங்கை ஆசிரியர் மரபே இத்துணைச் சிறியதாக அளந்திருப்பது எண்ணத்தக்கது.

இவ்வளவுகோலின்படி, இணையம் முதற் கால் பங்கைக் குறைவின்றித் தர வல்லது. ஒரு பாடத்தை இருமுறை கேட்டால் பிழை குறையும், மும்முறை கேட்டால் முறையறிந்து உரைக்க இயலும் என்று நன்னூலே கூறுகின்றது. பதிவு செய்யப்பெற்ற விரிவுரை இவ்வாய்ப்பை எளிதாக்குகின்றது. மூலங்களும் உரைகளும் அகராதிகளும் இணைய நூலகத்தில் ஒருங்கே கிடைக்கின்றன.

இணையவழிக் கற்போர்க்குக் குறைவது இரண்டாம் கால் பங்கே. மணக்குடவரும் பரிமேலழகரும் குறளின் வைப்புமுறையிலும் பொருளிலும் வேறுபடுகின்றனர். இருவர் உரையையும் திரையில் காண்பது எளிது. எவ்வுரை பொருந்தும் என்று வழக்காடுவதற்கு எதிரே ஒருவர் வேண்டும். செய்யுளை வாய்விட்டுப் படிக்கையில் சீர் பிரிப்பில் நேரும் பிழையை உடனிருப்பவர் செவியே எளிதில் கண்டுகொள்ளும். எழுத்துவழி ஒப்படைப்பு இப்பிழையை வெளிக்காட்டுவதில்லை.

வளாகக் கல்வியின் குறை வேறு. அங்கு உடன் பயில்வோர் உளர். ஆனால் எடுத்துரைக்கும் வாய்ப்பு அரிது. விரிவுரையைக் குறிப்பெடுத்துத் தேர்வில் ஒப்புவித்துப் பட்டம் பெறும் மாணவர், ஓர் இலக்கணப் பகுதியை ஒருமுறையேனும் பிறர்க்கு விளக்காமலேயே வெளியேறக்கூடும். அவர் பெற்றது அரைப் பங்கே.

கிள்ளானில் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றிக்கொண்டே இணையவழிப் பட்டம் பயிலும் ஆசிரியரோ நாள்தோறும் எடுத்துரைக்கின்றார். அவர் கற்பிப்பது தொடக்கநிலைப் பாடமாதலின், தாம் கற்கும் நூலையே எடுத்துரைப்பதாக அதனைக் கொள்ள இயலாது என்று மறுக்கலாம். மறுப்பு நியாயமானதே. ஆயினும், வேற்றுமையையோ புணர்ச்சியையோ பத்து வயதுச் சிறுவனுக்கு விளங்கவைக்க முயலும்போது எழும் ஐயங்கள், நூலை மீண்டும் நாடச் செய்யும் ஐயங்களாகும்.

முடிவுரை

ஆகவே, இரண்டில் எது சிறந்தது என்பதினும், எவர்க்கு எப்பங்கு குறைகின்றது என்பதே கேட்கவேண்டிய வினா. எஸ்.டி.பி.எம். முடித்த இளையோர், வாய்ப்பிருப்பின், வளாகத்தையே தேர்தல் நன்று. உடன் பயில்வோரை அவ்வயதில் அங்குப் பெறுவதுபோல் பின்னர்ப் பெறுதல் அரிது. பணியிலிருப்போர் இணையவழியைத் தயக்கமின்றித் தேரலாம். ஆனால் தனித்துக் கற்றலாகாது.

துறைகளுக்கும் இதில் கடமை உண்டு. கிள்ளானிலிருந்து கொமுட்டர் இரயிலில் வருவோர்க்குப் பிரிக்பீல்ட்ஸ் எட்டும் தொலைவில் உள்ளது. அங்கு மாதம் ஒரு சனிக்கிழமை நூல்வாசிப்பு அவை கூட்டலாம். வளாக மாணவர்கள் அவ்வவையில் ஒரு பகுதியை எடுத்துரைக்கட்டும். இணையவழிக் கற்போர் அவர்களோடு வழக்காடட்டும். ஒருவர்க்குக் குறையும் பங்கை மற்றவர் நிறைவு செய்வர். இது நிகழாவிடில், இணையவழிப் பட்டம் பதவி உயர்வுக்குரிய தாளாகவும், வளாகப் பட்டம் குறிப்பேடுகளின் தொகுப்பாகவும் எஞ்சும். இரண்டினாலும் தமிழுக்குப் புலவர் கிட்டார்.